மாவோயிஸ்ட் தாக்குதல்களைத் தரவு மாதிரி (மாடல்) வைத்துக் கணிக்க முடியுமா?

புள்ளியியல்_வினோத்:

வணக்கம். எம்.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு மாவோயிஸ்ட் வன்முறையை எடுத்திருக்கிறேன். மாவட்டம் வாரியாக, மாதம் வாரியாக ஓர் அட்டவணை. சம்பவங்களை சவுத் ஏசியா டெரரிசம் போர்ட்டல் தொகுப்பிலிருந்து எடுத்தேன். கூடவே மழை, காட்டுப் பரப்பு, எழுத்தறிவு, பழங்குடி மக்கள் விகிதம், சுரங்கம், சாலை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தாயிற்று. ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கணினி முறை) போட்டால் துல்லியம் 96 சதவீதம் காட்டுகிறது. கைடுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான் இடிக்கிறது. தலைமறைவாக இருக்கும் ஓர் அமைப்பு அடுத்த மாதம் என்ன செய்யும் என்று மழையளவையும் எழுத்தறிவையும் வைத்துச் சொல்லிவிட முடியுமா? வேறு யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறார்களா?

கணக்குப்பிள்ளை:

அந்த 96-ஐ முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் அட்டவணையில் பெரும்பாலான கட்டங்களில் பூஜ்யம்தானே இருக்கும்? "எந்த மாவட்டத்திலும் எந்த மாதமும் ஒன்றும் நடக்காது" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே கிட்டத்தட்ட அந்த எண் வந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுங்கள். 1000 மாவட்ட-மாதங்கள். அதில் 10-இல் மட்டும் புதிதாக வன்முறை வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணிப்பு மாதிரி அந்தப் பத்தில் எட்டைப் பிடித்துவிடுகிறது. மீதி 990-இல் வெறும் 5 சதவீதத்தில்தான் தப்பாக மணி அடிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு மணி மட்டும் ஏறக்குறைய 50. மொத்தம் 58 எச்சரிக்கை, அதில் 8 நிஜம். இதை ஒரு மாவட்ட எஸ்.பி. மேஜையில் வைத்தால் எத்தனை மாதம் படிப்பார்?

செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அரசு 1994-இல் சி.ஐ.ஏ. பணத்தில் ஓர் ஆய்வுக் குழு அமைத்தது. அவர்கள் 2010-இல் வெளியிட்ட மாதிரியில் நான்கே காரணிகள்: ஆட்சியின் வகை, குழந்தை இறப்பு விகிதம், அண்டை நாடுகளில் சண்டை, அரசே ஒரு பிரிவினருக்கு எதிராகக் காட்டும் பாகுபாடு. இந்த நான்கை வைத்து, இரண்டு ஆண்டு முன்னதாகவே, நிலைகுலையப்போகும் நாடுகளை 80 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது நாடு அளவில், ஆண்டு அளவில். எந்தக் குழு, எந்த ஊர், எந்த மாதம் என்ற கேள்விக்கு அவர்கள் போகவே இல்லை.

அந்த அளவுக்கு இறங்கியது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலும் நார்வேயின் ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனத்திலும் நடக்கும் 'வியூஸ்' திட்டம். பூமியை அரை பாகைக்கு அரை பாகை கட்டமாக வெட்டி, அதாவது நிலநடுக்கோட்டருகே சுமார் 55 கிலோமீட்டர் சதுரம், ஒவ்வொரு கட்டத்துக்கும் 36 மாதம் வரை முன்கணிப்பு. 2018-இல் ஆப்பிரிக்காவில் தொடங்கினார்கள். இதைப் பின்தொடர்கிறவர்களைக் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அடுத்த மாதம் எங்கே சண்டை நடக்கும் என்பதற்கு மிகச் சிறந்த தடயம், இந்த மாதம் எங்கே நடந்தது என்பது. மழை, வறுமை எல்லாம் அதற்கு மேல் கொஞ்சம்தான் சேர்க்கின்றன.

முன்னாள்_ஜவான்:

தம்பி, நான் சி.ஆர்.பி.எப்.பில் இருந்து ஓய்வு பெற்றவன். சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியில் வேலை பார்த்திருக்கிறேன். உன் கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்னாலேயே அங்கே சமையல்காரருக்குக்கூடத் தெரிந்த ஒரு கணிப்பு இருக்கிறது: டி.சி.ஓ.சி. மார்ச்சில் இருந்து ஜூன் வரை மாவோயிஸ்டுகள் நடத்தும் தாக்குதல் காலம். இலை உதிர்ந்து காட்டில் தூரத்துக்குத் தெரியும், ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடக்கும், மழை வந்துவிட்டால் இரண்டு பக்கமும் நகர முடியாது.

பெரிய சம்பவங்களின் தேதியைப் பார். 2010 ஏப்ரல் 6, தாட்மெட்லா, படையினர் 76 பேர் பலி. 2013 மே 25, ஜீரம் காட்டி, காங்கிரஸ் தலைவர்களின் வாகன வரிசை. 2017 ஏப்ரல் 24, புர்காபால், 25 பேர். 2021 ஏப்ரல் 3, தர்ரம் பக்கம், 22 பேர். இதற்கு ரேண்டம் ஃபாரஸ்ட் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:

வேண்டாம் சார். ஆனால் மாதம் தெரிவது ஒன்று, எந்தச் சாலை என்று தெரிவது வேறு. 2025 ஜனவரி 6 அன்று பீஜாப்பூர் குத்ருவில் குண்டு வைத்து டி.ஆர்.ஜி. (மாநிலப் போலீஸின் மாவட்ட ரிசர்வ் படை) ஆட்கள் எட்டுப் பேரையும் டிரைவரையும் கொன்றார்களே, அது எந்த டி.சி.ஓ.சி.?

ஆனாலும் நீங்கள் சொன்னது வினோத்துக்கு முக்கியம். "கோடைக்காலம், ஏற்கெனவே சம்பவம் நடந்த மாவட்டம்" என்ற இரண்டே வரி விதியை முதலில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ரேண்டம் ஃபாரஸ்ட் அதைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. வியூஸ் ஆட்களே உலகெங்கும் இருந்து குழுக்களை அழைத்து, உயிரிழப்பு கூடுமா குறையுமா என்று கணிக்கப் போட்டி வைத்தார்கள். "மாற்றமே இருக்காது" என்று சொல்லும் மொட்டைக் கணிப்பை ஜெயிப்பதே பலருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஊர்க்குருவி:

இதுக்கு எங்க ஊர் ஜோசியரே தேவலை. அவர் பரிகாரமாவது சொல்லுவார்.

செம்பருத்தி:

மாதிரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே போகிற தரவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.

2012 ஜூன் 28, சத்தீஸ்கரில் சார்கேகுடா. 17 பேர் கொல்லப்பட்டார்கள். "மாவோயிஸ்டுகளுடன் மோதல்" என்று அரசு சொன்னது, பத்திரிகைகளிலும் அப்படித்தான் வந்தது. நீதிபதி வி.கே. அகர்வால் விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2019-இல்தான் வெளியே வந்தது. செத்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது அது. சிறுவர்களும் அதில் இருந்தார்கள். வினோத், உங்கள் அட்டவணையில் அந்த வரிசை எப்படி இருக்கிறது? 2012-இல் எழுதியபடியா, 2019-இல் தெரிந்தபடியா? ஒரு கிராமத்துக் கூட்டத்தின் மீது படை சுட்டதை மாவோயிஸ்ட் வன்முறை என்று எண்ணி, அதிலிருந்து அடுத்த மாவோயிஸ்ட் வன்முறையைக் கணித்தால், அந்தக் கணிப்பு மாதிரி எதைக் கற்றுக்கொள்ளும்?

கணக்குப்பிள்ளை:

இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. உலக அளவிலும் இதே கதைதான். உப்சாலா தரவுத்தளம் ஓர் ஆண்டில் 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அதை ஆயுத மோதல் என்று கணக்கில் எடுக்கும். அந்த எண்ணிக்கை யார் சொல்லி வருகிறது? செய்தி, மனித உரிமை அமைப்புகளின் அறிக்கை, அரசு அறிவிப்பு. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் திக்ராயில் போர் தொடங்கிய கையோடு தொலைபேசி, இணையம் எல்லாவற்றையும் அரசு துண்டித்துவிட்டது. உலகத்தின் மிகக் கொடூரமான போர்களில் ஒன்று நடந்துகொண்டிருந்தபோது அங்கிருந்து செய்தி மட்டும் சொட்டு சொட்டாகத்தான் வந்தது. அந்த மௌனத்தைக் கணிப்பு மாதிரி அமைதி என்று படித்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஜி-டெல்ட் என்று ஒரு பிரம்மாண்டத் தொகுப்பு, செய்திகளைக் கணினியே படித்துச் சம்பவமாக மாற்றும். 2014-இல் நைஜீரியாவின் சிபோக்கில் போகோ ஹராம் மாணவிகளைக் கடத்தியபோது, ஓர் அமெரிக்கத் தரவு இதழியல் தளம் இதை வைத்து, அங்கே கடத்தல்கள் மளமளவென்று ஏறிவிட்டன என்று வரைபடம் போட்டது. ஏறியது கடத்தலைப் பற்றிய செய்திகளின் எண்ணிக்கை. ஒரே கடத்தல் நூறு பத்திரிகையில் வந்தால் அது நூறு கடத்தல் இல்லையே. அப்புறம் திருத்தம் போட்டார்கள்.

புள்ளியியல்_வினோத்:

சார்கேகுடா என் அட்டவணையில் மோதல் என்றுதான் இருக்கிறது. இப்போதுதான் திறந்து பார்த்தேன்.

இன்னொரு சந்தேகம். 80 சதவீத வரிசைகளைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் குலுக்கிப் பிரித்தேன். சில மாவட்டங்களுக்கு எழுத்தறிவு, சாலை விவரம் விடுபட்டிருந்தது. அதை மொத்தத் தரவையும் வைத்து நிரப்பினேன். இதில் ஏதும் பிரச்சினை உண்டா?

கணக்குப்பிள்ளை:

அதுதான் பிரச்சினையே. உள்நாட்டுப் போர் தொடங்குவதைக் கணிக்க ரேண்டம் ஃபாரஸ்ட், பழைய புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரிக்ரெஷனைவிட எவ்வளவோ மேல் என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்து ரொம்பப் பேசப்பட்டது. பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருவர் இந்த வகை ஆய்வுகளைத் தோண்டி எடுத்துத் திரும்ப ஓட்டினார்கள். விடுபட்ட இடங்களை நிரப்பும்போது சோதனைத் தரவும் பயிற்சித் தரவும் ஒன்றாகக் கலந்திருந்தன. அதாவது கணிப்பு மாதிரியானது கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியிருந்தது. கசிவை அடைத்துவிட்டு ஓட்டினால், நவீன மாதிரிகள் பழைய ரிக்ரெஷனைத் தாண்டவே இல்லை. 2023-இல் வெளியான ஆய்வு அது, தேடிப் படியுங்கள்.

குலுக்கிப் பிரிப்பதும் கூடாது. 2011 மே மாதம் பயிற்சித் தரவிலும், 2011 ஏப்ரல் சோதனைத் தரவிலும் இருந்தால், வருங்காலத்தைப் பார்த்துக் கடந்த காலத்தைக் கணிக்கிறீர்கள். 2015 வரை பயிற்சி, 2016 சோதனை. அப்புறம் 2016 வரை பயிற்சி, 2017 சோதனை. இப்படியே நகருங்கள். 96 எங்கே போய் நிற்கிறது பார்ப்போம்.

வடமராட்சியான்:

நீங்கள் எல்லோரும் சண்டை நடந்துகொண்டிருக்கிற இடத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். நடக்காத இடத்தில் தொடங்குவதை எந்தக் கணிப்பு மாதிரி பிடிக்கும்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. யுத்தம் முடிந்து பத்து வருடம். எந்தத் தரவுத்தளத்தை எடுத்தாலும் இலங்கை அமைதியான நாடு. தற்கொலைக் குண்டுகள் வெடித்து மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், 250-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் உடனே யார் மேல் போனது? முன்னாள் புலிப் போராளிகள் மேல். ஒருவரைப் பிடித்து உள்ளேயும் போட்டார்கள். உண்மையில் செய்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானின் ஆட்கள் என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த மனிதரை அதன் பிறகுதான் விட்டார்கள். "முந்தி எங்கே வன்முறையோ, யாரால் வன்முறையோ, இனியும் அப்படியே" என்ற உங்கள் சிறந்த தடயம் இருக்கிறதே, அதைப் பொலிஸ் கணினி இல்லாமலே பாவித்தது. விளைவு, தேட வேண்டிய ஆட்களைத் தேடவில்லை.

அதோடு, எச்சரிக்கை வரவில்லை என்றும் இல்லை. ஏப்ரல் 4-ஆம் திகதியே இந்தியாவில் இருந்து தகவல் வந்தது. ஒருத்தரும் அசையவில்லை. 2023 ஜனவரியில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

கணக்குப்பிள்ளை:

வவுணதீவு உதாரணத்துக்கு நன்றி, இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் இதைத்தான் கடினமான பகுதி என்கிறார்கள். நீண்ட காலம் அமைதியாக இருந்த இடத்தில் முதல் வன்முறை. பார்சிலோனாவிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ள இருவர், பத்திரிகைச் செய்திகளின் பேசுபொருள் மாறுவதை வைத்து இதைப் பிடிக்க முயல்கிறார்கள். கொஞ்சம் பலன் கிடைக்கிறது, ஏற்கெனவே எரிகிற இடத்தில் கிடைக்கும் அளவுக்கு அல்ல.

தேம்ஸ்கரை:

லண்டனிலிருந்து சின்னதாக ஒன்று. வட அயர்லாந்தில் 1998 அமைதி உடன்படிக்கையை ஏற்காத சிறு குழுக்கள் இன்னும் உண்டு. அங்கே மாதிரி எதுவும் இல்லை, பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-இன் அதிகாரிகள் கூடி ஆபத்து நிலையை அறிவிப்பார்கள். 2022 மார்ச்சில், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக 'கடுமை' என்றிருந்ததை ஒரு படி இறக்கினார்கள். 2023 பிப்ரவரியில் ஓமா நகரில், சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி முடித்துவிட்டுக் கிளம்பிய ஒரு போலீஸ் அதிகாரியைச் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். மார்ச்சில் நிலை திரும்ப ஏறியது. 2024-இல் மறுபடி இறங்கியது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பெரிய சம்பவம் என்றால் மாதிரிக்குக் கற்றுக்கொள்ளத் தரவே கிடையாது. மனிதர்களும் நடந்த பிறகுதான் ஏற்றுகிறார்கள்.

முன்னாள்_ஜவான்:

சரி, நான் சொல்ல வந்த இன்னொன்று. கணிப்பு சரியாக இருந்தால் அது பொய்யாகிவிடும். இந்தச் சாலையில் ஆபத்து என்று தகவல் வந்தால் என்ன செய்வோம்? ஆர்.ஓ.பி. போடுவோம், அதாவது கன்வாய் போவதற்கு முன்னால் ஒரு பார்ட்டி நடந்தே போய் வழியைச் சோதிக்கும். அன்றைக்கு ஒன்றும் நடக்காது. உன் அட்டவணையில் அது பொய் மணி. இல்லாவிட்டால் கன்வாயையே வேறு வழியில் திருப்புவோம், அவர்களும் வேறு வழிக்குப் போவார்கள். மழைக்கு உன் கணிப்பு தெரியாது தம்பி, எதிரே இருக்கிறவனுக்குத் தெரியும்.

மாநிலமே மாறிய கதையும் உண்டு. ஆந்திராவில் 2004-இல் அரசும் மாவோயிஸ்டுகளும் நடத்திய பேச்சுவார்த்தை 2005 ஜனவரியில் முறிந்தது. மாநிலத்தின் சிறப்பு அதிரடிப்படையான கிரேஹவுண்ட்ஸ் நல்லமலைக் காட்டை அலசியது. அங்கிருந்து பலர் பஸ்தர் பக்கத் தண்டகாரண்யக் காட்டுக்குப் போனார்கள். ஆந்திராவின் பழைய தரவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

செம்பருத்தி:

இங்கேதான் நான் ஐயாவோடு ஒத்துப்போகிறேன், வேறு காரணத்துக்காக. 2004 செப்டம்பரில் மக்கள் யுத்தம், எம்.சி.சி. என்ற இரண்டு நக்சல் அமைப்புகள் இணைந்து இன்றைய மாவோயிஸ்ட் கட்சி ஆயின. 2005-இல் சல்வா ஜூடும். அரசு ஆதரவில் கிராமத்து ஆட்கள் கையில் ஆயுதம், ஊர் ஊராகக் காலி செய்து முகாம்களுக்கு இழுத்துப்போனது. அதற்கு அடுத்த ஆண்டே சத்தீஸ்கர் நாட்டிலேயே மோசமான மாநிலம். உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைச் சட்டவிரோதம் என்றது. எழுத்தறிவும் காட்டுப் பரப்பும் 2004-க்கும் 2006-க்கும் நடுவில் மாறவில்லை. மாறியது ஓர் அரசு முடிவு. அந்த முடிவுக்கு உங்கள் அட்டவணையில் பத்தியே கிடையாது.

சமீப ஆண்டுகளின் நிலையும் அதுதான். 2024-இல் சத்தீஸ்கரில் 200-க்கும் மேற்பட்டவர்களை மாவோயிஸ்டுகள் என்று படைகள் சுட்டுக் கொன்றன. 2025 மே மாதம் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜு கொல்லப்பட்டார். மொத்த உயிரிழப்பை எண்ணினால் வன்முறை ஏறியதாகத் தெரியும். மாவோயிஸ்டுகள் செய்த தாக்குதலை மட்டும் எண்ணினால் அவர்கள் தேய்ந்துகொண்டிருந்தார்கள். மாதிரி எதைக் கணிக்கிறது? "கிளர்ச்சிக் குழுவின் வன்முறை" என்று தலைப்பு வைத்துவிட்டு அரசின் ஆபரேஷன் காலண்டரைக் கணித்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:

முழுக்க ஏற்கிறேன். இந்த இழையில் வந்த மிக முக்கியமான விஷயம் இதுதான். இரண்டு தரப்பு ஆடும் ஆட்டத்தில் ஒரு தரப்பின் மேல் மட்டும் மாதிரி போடுகிறோம். இன்னொரு தரப்பின் திட்டம் ரகசியக் கோப்பில் இருக்கிறது.

நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பற்றிய ஆய்வுகளே இதற்குச் சாட்சி. திட்டம் 2006 பிப்ரவரியில் 200 பின்தங்கிய மாவட்டங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிந்ததால், முன்னால் வந்த மாவட்டத்தையும் பின்னால் வந்ததையும் ஒப்பிட முடிந்தது. 2017-இல் வந்த ஓர் ஆய்வு, திட்டம் வந்தவுடன் வன்முறை குறுகிய காலத்துக்குக் கூடியது என்றது. மக்கள் அரசுக்குத் தகவல் சொல்லத் தொடங்க, போலீஸ் தேடுதல் ஏறியது என்பது விளக்கம். அதே ஆண்டு இன்னொன்று, வன்முறை நன்றாகக் குறைந்தது, ஆனால் திட்டத்தை ஒழுங்காக நடத்தத் திறமையுள்ள ஆந்திரா போன்ற மாநிலங்களில்தான் என்றது. இரண்டாவது ஆய்வு உள்ளூர் மொழிப் பத்திரிகைகளைத் தோண்டித் தரவு எடுத்தது. ஒரே திட்டம், ஒரே கிளர்ச்சி. எந்தப் பத்திரிகையைப் படிக்கிறோம், எத்தனை ஆண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் குறி பிளஸ்ஸாகவோ மைனஸாகவோ வருகிறது.

மழை விஷயத்திலும் நுணுக்கம் உண்டு. மழை பொய்த்தால் மாவோயிஸ்டுகள் பொதுமக்களைக் கொல்வது கூடுகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. வருமானம் போனவன் காசுக்காகப் போலீஸுக்குத் துப்புக் கொடுப்பான் என்ற பயம். அதனால் மொத்த எண்ணிக்கை வேண்டாம் வினோத். யார் யாரைத் தாக்கியது என்று மூன்றாகப் பிரியுங்கள்: படைகள் மீது, பொதுமக்கள் மீது, படைகளால். மூன்றுக்கும் மூன்று மாதிரி. சார்கேகுடா போன்ற வரிசைகளுக்கு 'சர்ச்சைக்குரியது' என்று தனிக் குறி வைத்து, சேர்த்தும் விட்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஊர்க்குருவி:

இவ்வளவு ஓட்டைன்னா எதுக்குத்தான் இந்த வேலை?

கணக்குப்பிள்ளை:

உணவுக் கிடங்கை எங்கே வைப்பது, எந்தப் பகுதிக்கு மருத்துவக் குழு தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு இந்த அளவு கணிப்பே போதும். தப்பினால் அரிசி மூட்டை சும்மா கிடக்கும், அவ்வளவுதான். அதே பட்டியலை வைத்து ஊருக்குள் போய் ஆட்களைப் பிடிக்கலாம் என்று யாராவது கிளம்பினால், மேலே போட்ட கணக்குப்படி 58-இல் 50 ஊர் அநியாயமாக மாட்டும். வவுணதீவில் ஒரு மனிதருக்கு நடந்தது அதுதான்.

புள்ளியியல்_வினோத்:

எல்லோருக்கும் நன்றி. ஆண்டு வாரியாக நகர்த்தி ஓட்டிவிட்டேன். ஜவான் சாரின் இரண்டு வரி விதியும் என் மாதிரியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. கைடிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

முன்னாள்_ஜவான்:

கைடையும் இங்கே கூட்டிக்கொண்டு வா தம்பி. ஆமாம், 2010 தாட்மெட்லாவை எந்த மாவட்டத்தில் போட்டிருக்கிறாய்?

புள்ளியியல்_வினோத்:

தந்தேவாடா. செய்திகளில் அப்படித்தான் இருந்தது.

முன்னாள்_ஜவான்:

இப்போது அது சுக்மா. 2007-இல் தந்தேவாடாவிலிருந்து பீஜாப்பூரைப் பிரித்தார்கள், 2012-இல் சுக்மாவை. புர்காபால் சுக்மா கணக்கில் இருக்கும், பக்கத்திலேயே இருக்கிற தாட்மெட்லா தந்தேவாடா கணக்கில் இருக்கும். இரண்டும் ஒரே காடு.

கணக்குப்பிள்ளை:

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. 2001 எல்லைக்கு எல்லாவற்றையும் திருப்பினால் தந்தேவாடா ஒரு ராட்சத மாவட்டமாகிவிடும். "அடுத்த மாதம் தந்தேவாடாவில் சம்பவம்" என்பது எப்போதும் பலிக்கும், யாருக்கும் பயன்படாது. சம்பவ இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உப்சாலா தொகுப்பில் கிடைக்கும், 1989-இலிருந்து. மாவட்டத்தை விட்டுவிட்டுக் கட்டத்துக்குப் போங்கள். இடத்தைத் துல்லியமாகத் தெரியாத வரிசைகளுக்கு அதிலேயே ஒரு குறியீடு இருக்கும், அதைப் பார்க்காமல் வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள்.

புள்ளியியல்_வினோத்:

தரவிறக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டம் அரை பாகையா, அதைவிடச் சிறிதா?

கணக்குப்பிள்ளை:

அரை பாகையில் தொடங்குங்கள். சிறிதாக வெட்ட வெட்டப் பூஜ்யம்தான் பெருகும்.